ஊட்டி லாட்ஜுக்குக் கார்பன் கணக்கு எழுதும் முறை

நாட்டின் கார்பன் உமிழ்வுக் கணக்கில் சுற்றுலா என்று தனியாக ஒரு வரி கிடையாது. லாட்ஜில் எரியும் விளக்கு மின்துறைக் கணக்கில் விழும். விருந்தினரின் காரில் எரியும் பெட்ரோல் சாலைப் போக்குவரத்துக்குப் போகும். சமையல் சிலிண்டர் வணிகக் கட்டடங்களின் கீழ் வரும். வெளிநாட்டுப் பயணி வந்திறங்கும் விமானத்தின் எரிபொருளை எந்த நாடும் தன் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. அறிக்கையில் தனிக் குறிப்பாக மட்டும் காட்டுகிறார்கள். இப்படிப் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால், சுற்றுலா வளரும்போது உமிழ்வு எவ்வளவு ஏறியது என்று கேட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லை.

சிதறியவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2024 இறுதியில் வெளிவந்தது. 2009 முதல் 2019 வரை உலகச் சுற்றுலாவின் உமிழ்வு ஆண்டுக்கு 3.5 சதவீதம் வளர்ந்திருக்கிறது. உலகப் பொருளாதாரத்தின் மொத்த உமிழ்வு வளர்ந்த வேகத்தைப் போல இது இரண்டு மடங்கு. 2019-இல் 5.2 கிகா டன் (520 கோடி டன்), அதாவது உலக உமிழ்வில் 8.8 சதவீதம். அந்தப் பத்தாண்டுக் கூடுதலில் 60 சதவீதம் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளுடையது.

நீலகிரியில் 20 அறை வைத்து நடத்தும் ஒருவர் இந்தக் கணக்கைத் தன் அளவில் எழுதவும் குறைக்கவும் முடியும். அதற்கான வழிமுறை இது. கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மாமல்லபுரம், ராமேஸ்வரம் போன்ற இடங்களில் வெந்நீர் இருக்கும் இடத்தில் ஏசியை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் நோட்டுப் புத்தகம்

மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு நீள நோட்டோ எக்செல் தாளோ போதும். மாதத்தின் 1-ஆம் தேதி காலையில் ஒரே ஆள், ஒரே நேரத்தில் ஐந்து விஷயங்களைக் குறிக்க வேண்டும்: மின் மீட்டர் ரீடிங், கையிருப்பில் உள்ள நிரம்பிய சிலிண்டர்களின் எண்ணிக்கை, ஜெனரேட்டர் டேங்கிலும் கேனிலும் மிச்சமுள்ள டீசல், லாட்ஜ் வண்டிகளுக்குப் போட்ட எரிபொருள், ஏசியிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் நிரப்பிய கேஸ். கூடவே அந்த மாதத்தில் விற்ற அறை இரவுகள் (ஓர் அறை ஓர் இரவுக்கு விற்றால் ஒன்று).

மின் கட்டண ரசீதை வைத்து எழுதினால் மாதங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ரீடிங் எடுக்க வரும் தேதி முன்னே பின்னே போவதே காரணம். ஆகவே உங்கள் ரீடிங்கை நீங்களே எடுங்கள். இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் கருவி) வைத்த மீட்டராக இருந்தால் திரையில் தெரியும் எண்ணைப் பெருக்கு காரணியால் பெருக்கினால்தான் யூனிட் கிடைக்கும். காரணி ரசீதில் அச்சாகியிருக்கும். அதை விட்டுவிட்டு, லாட்ஜ் மிகச் சிக்கனமாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சிலிண்டரிலும் வாங்கிய எண்ணிக்கையை எழுதுவது தவறு. மாதத் தொடக்க இருப்பு, வாங்கியது, மாதக் கடைசி இருப்பு மூன்றையும் எழுதிக் கழித்தால்தான் எரிந்தது தெரியும். சீசனுக்கு முன் பத்து சிலிண்டர் சேர்த்து வைக்கும் ஊரில் இது முக்கியம்.

கேஸ் நிரப்பும் கணக்குதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. மெக்கானிக் வந்து "கேஸ் டாப்-அப்" என்று ரசீது தருவார். எத்தனை கிலோ என்பது அதில் இருக்காது. சிலிண்டரைத் தராசில் வைத்து, நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எடை எழுதித் தந்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேஸின் பெயரும் ரசீதில் வேண்டும். குளிர்பதன அமைப்பு மூடிய சுற்று. எஞ்சின் ஆயில்போல அதில் கேஸ் தேய்ந்து தீராது. டாப்-அப் கேட்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

பெருக்க வேண்டிய எண்கள்

மின்சாரம்: யூனிட்டுக்கு 0.72 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் நாடு முழுமைக்குமான சராசரியை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 0.71-க்கும் 0.73-க்கும் இடையில் இருக்கிறது. நீலகிரியில் நீர்மின் நிலையங்கள் இருப்பதால் இங்கே வரும் கரண்ட் சுத்தமானது என்று வாதிட முடியாது. பைக்காராவில் பிறக்கும் மின்சாரமும் அதே தேசியத் தொகுப்பில்தான் கலக்கிறது.

டீசல்: லிட்டருக்கு 2.68 கிலோ. பெட்ரோல்: லிட்டருக்கு 2.31 கிலோ. சமையல் எரிவாயு: கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ, ஆகவே 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ.

குளிர்பதன கேஸ்களின் எண்கள் வேறு உயரத்தில் இருக்கும். 1 கிலோ ஆர்-404ஏ வெளியேறினால் 3,922 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ 2,088. பழைய ஏசிகளின் ஆர்-22 1,810. புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 675. சில நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆர்-290, அதாவது புரொப்பேன், ஒற்றை இலக்கம்தான்.

விறகு பாய்லர் இருந்தால் விறகைத் தனிப் பக்கத்தில் கிலோவாக எழுதுங்கள். விறகின் கார்பனை நிலம், காடு என்ற தலைப்பில்தான் நாடுகள் கணக்கிடுகின்றன. எரிபொருளோடு கூட்டினால் இரட்டை எண்ணல் ஆகும். அதற்காக விறகுக்குப் பூஜ்யம் போட்டுவிடவும் கூடாது. ஈர விறகு புகைந்து எரியும்போது மீத்தேனும் கரித்துகளும் வருகின்றன, பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலுக்கும் போகின்றன.

மாதிரிக் கணக்கு

20 அறை, ஆண்டுச் சராசரி 60 சதவீதம் நிரம்புகிறது, சிறு உணவகம் உண்டு என்று ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,380 அறை இரவுகள்.

மாதம் 3,000 யூனிட் என்றால் ஆண்டுக்கு 36,000, அது 25.9 டன். மாதம் 12 சிலிண்டர், ஆண்டுக்கு 8.2 டன். ஜெனரேட்டருக்கு மாதம் 60 லிட்டர் டீசல், 1.9 டன். லாட்ஜ் வண்டிக்கு மாதம் 100 லிட்டர் டீசல், 3.2 டன். உணவகத்தின் பழைய டீப் ஃப்ரீசரில் ஆண்டுக்கு 1 கிலோ ஆர்-404ஏ டாப்-அப், 3.9 டன். கூட்டினால் 43 டன்னுக்குச் சற்று மேல். அறை இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு 9.9 கிலோ.

ஒரு மூலையில் ஒழுகும் ஃப்ரீசர், ஜெனரேட்டரும் கூட்டிவரும் வண்டியும் சேர்ந்து விடுவதில் முக்கால் பங்கை எட்டிவிட்டதைப் பாருங்கள். எடை எழுதாத ரசீதில் இந்த 3.9 டன் கண்ணுக்கே தெரியாது.

வெந்நீர்: கணக்கின் நடு மையம்

ஊட்டியில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி அளவில் வரும். டிசம்பர், ஜனவரியில் இன்னும் கீழே. குளிக்க 40 டிகிரி வேண்டும். 100 லிட்டரை 25 டிகிரி ஏற்ற 2.9 யூனிட் வெப்பம் தேவை. எந்த நிறுவனத்தின் கீசரை வாங்கினாலும் இது மாறாது, தண்ணீரின் இயல்பு அது. மாற்றக்கூடியவை இரண்டு: எத்தனை லிட்டர், அந்த வெப்பத்தை எதிலிருந்து எடுக்கிறோம்.

லிட்டரிலிருந்து தொடங்குவோம். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் ஷவரில் 8 நிமிடம் நின்றால் 120 லிட்டர், 3.5 யூனிட், 2.5 கிலோ. 8 லிட்டர் ஷவர் தலையாக மாற்றினால் அதே 8 நிமிடத்துக்கு 64 லிட்டர். 25 லிட்டர் வாளியில் குளித்தால் 0.73 யூனிட், அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆகவே குளியலறையில் வாளியும் சொம்பும் கட்டாயம் இருக்கட்டும். நட்சத்திர ஓட்டல் தோற்றத்துக்காக வாளியை எடுத்துவிட்ட லாட்ஜ்கள், வாளியில் குளித்துப் பழகிய விருந்தினரையும் ஷவருக்குத் தள்ளியிருக்கின்றன. குறைந்த நீர் ஷவர் தலை வாங்கும்போது மேல்தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். மாடி அறைக்குத் தொட்டி நான்கைந்து அடி உயரத்தில்தான் இருக்கிறது என்றால் அழுத்தம் போதாமல் நீர் சொட்டும். விருந்தினர் புகார் சொல்வார், பிளம்பர் அந்தத் தலையைக் கழற்றி எறிவார். அந்த மாடிக்கு ஒரு சிறு பிரஷர் பம்ப் தேவைப்படும்.

அடுத்தது, காலி அறையில் சுடும் கீசர். 25 லிட்டர் கீசர் யாரும் தொடாமலே நாளுக்கு அரை முதல் ஒரு யூனிட் வரை வெப்பத்தை இழக்கும். சாவி அட்டையோடு இணைத்துவிட்டால் அறை பூட்டியவுடன் நின்றுவிடும். ஆனால் விருந்தினர் வந்து அட்டை போட்டபின் 20 நிமிடமாவது ஆகும். வரவேற்பில் இருப்பவர் பதிவு எழுதும்போதே அறைப்பையனை அனுப்பிப் போடச் சொல்வது நல்ல பழக்கம்.

செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இந்த மலையில் சரியான தீர்வு ஹீட் பம்ப். ஏசியைத் திருப்பி வைத்ததுபோல, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் கருவி. நண்பகலில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் வெப்பம்வரை தரும். குளிர்கால விடியலில், வெளியே 3 டிகிரி இருக்கும்போது, இரண்டு கிடைத்தாலே அதிகம்; சுருளில் பனி உறைந்து, அதை உருக்கவும் கொஞ்சம் கரண்ட் செலவாகும். ஆண்டுச் சராசரி 2.5 என்று போடுவது பாதுகாப்பு. விற்பவர் தாளில் காட்டும் 4 என்ற எண் வேறு வெப்பநிலையில் அளந்தது.

அளவு பிடிக்கும் முறை இது. முழுதும் நிரம்பிய நாளில் 40 பேர், ஆளுக்கு 40 டிகிரியில் 60 லிட்டர், மொத்தம் 2,400 லிட்டர். தொட்டியில் 60 டிகிரியில் சேமித்துக் குளிர்நீரோடு கலந்தால் 1,330 லிட்டர் வெந்நீர் போதும். ஆக 1,500 லிட்டர் தொட்டி, சுற்றிலும் 50 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை) காப்பு. ஐந்து மணி நேரத்தில் சூடேற வேண்டுமென்றால் 15 கிலோவாட் வெப்பத் திறனுள்ள ஹீட் பம்ப். இதை டைமரில் போட்டுக் காலை 11 முதல் மாலை 4 வரை ஓட்டுங்கள். காற்று மிகச் சூடாக இருக்கும் நேரம் அது, கூரையில் சோலார் இருந்தால் அதுவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மாலைக் குளியலுக்கும் மறுநாள் விடியலுக்கும் தொட்டி தாங்கும்.

சிக்கனம் என்று தொட்டியை 45 டிகிரியில் வைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவர் திவலை வழியாக நுரையீரலுக்குப் போய்க் கடுமையான நிமோனியா தரும். 60 டிகிரியில் சேமித்து, கலப்பு வால்வு வைத்து அறைக்குக் குறைத்து அனுப்புவதே முறை.

மையத் தொட்டியின் பலவீனம் குழாய். 25 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 10 லிட்டர் நிற்கும். விருந்தினர் வெந்நீர் வரும்வரை அதைச் சாக்கடையில் விடுவார். கிளைக் குழாயை 15 மில்லிமீட்டராக்குங்கள். முழு நீளத்துக்கும் 19 மில்லிமீட்டர் கருப்பு நைட்ரைல் ரப்பர் உறை போடுங்கள். உறையின் மேல் அலுமினியத் தாளோ துணிப் பூச்சோ இல்லாவிட்டால் மலை வெயில் இரண்டு மூன்று ஆண்டில் அதைப் பொடியாக்கிவிடும். முழங்கை வளைவுகளையும் வால்வுகளையும் உறையில்லாமல் விட்டுப்போவதுதான் வழக்கமான குறை.

சூரிய வெந்நீர்க் கலத்தில் தட்டை வகையை ஊட்டியில் தவிர்க்கலாம். தலைக்குந்தா போன்ற பகுதிகளில் உறைபனி விழும் இரவில் செப்புக் குழாய்க்குள் நீர் உறைந்து வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை பனியைத் தாங்கும். 100 லிட்டருக்கு 10 முதல் 15 குழாய், தெற்கு பார்த்து 20–25 டிகிரி சாய்வு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகத்தில் பெரிதாக உதவாது. குரங்குகள் வரும் இடத்தில் கம்பி வலை தேவை.

கேஸ் கீசர் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய நிலக்கரி மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதன் கார்பன் குறைவு என்பது உண்மை. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் அது கார்பன் மோனாக்சைடை நிரப்பிக் கொன்றுவிடும். குளிருக்கு ஜன்னலை அடைத்து வைக்கும் ஊரில் குளியலறைக்குள் அதை வைக்கவே கூடாது.

மாதிரி லாட்ஜில் ஹீட் பம்ப் தரும் பலன்: நாளுக்கு 24 பேர், 1,440 லிட்டர், 42 யூனிட் வெப்பம். கீசரில் 42 யூனிட் செலவாகும், ஹீட் பம்பில் 17. ஆண்டுக்கு 9,100 யூனிட்டுக்கு மேல் மிச்சம், 6.6 டன்.

சமையலறை, ஜெனரேட்டர், ஃப்ரீசர், துணி

சமையலறையை உடனே இண்டக்‌ஷனுக்கு மாற்றச் சொல்வார்கள். பாத்திரத்துக்குள் ஒரு யூனிட் வெப்பம் சேர்க்க, வாரிய மின்சாரத்தில் இண்டக்‌ஷன் 0.83 கிலோ விடுகிறது. எரியும் வெப்பத்தில் பாதியை மட்டும் பாத்திரத்துக்குத் தரும் வணிக கேஸ் அடுப்பு 0.47 கிலோ விடுகிறது. ஆகவே கூரையில் பகல் சோலார் மிஞ்சும்போதுதான் இண்டக்‌ஷனுக்குப் பொருள் உண்டு. அதுவரை பர்னர் துளைகளை வாரம் ஒரு முறை சுத்தம் செய்து சுடரை நீலமாக வைப்பது, தோசைக்கல்லை ஆர்டர் இல்லாதபோது அணைப்பது, பருப்பையும் கடலையையும் பிரஷர் குக்கரில் வேகவைப்பது போதும். உணவுக் கழிவில் பயோகேஸ் எடுக்கும் கலன் சமவெளியில் நன்றாக ஓடும். இங்கே 15 டிகிரிக்குக் கீழே நுண்ணுயிரிகள் ஏறக்குறையத் தூங்கிவிடும். குளிர்காலத்தில் கேஸ் வரவில்லை என்று கழிவை மேலும் மேலும் போட்டால் கலன் புளித்துப் படுத்துவிடும். கழிவை உரமாக்குவது இந்தக் குளிருக்கு ஏற்றது.

ஜெனரேட்டர் நல்ல சுமையில் லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் தரும். 62.5 கேவிஏ இயந்திரத்தை இரவு பத்து பல்புக்கும் ஒரு ரௌட்டருக்கும் ஓட்டினால் இரண்டு யூனிட்கூட வராது. கரி படிந்து இன்ஜெக்டரும் கெடும். விளக்கு, வைஃபை, வரவேற்பு மேசை, சிசிடிவி இவற்றைத் தனி வயரிங்கில் பிரித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கொடுத்தாலே டீசல் பாதியாகும்.

ஃப்ரீசருக்கு நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரையால் ஒழுக்கைக் கண்டுபிடித்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பழுது பார்க்கும்முன் உள்ளே மிஞ்சிய கேஸை மீட்பு இயந்திரத்தில் வாங்க வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. மாற்றும் காலம் வந்தால் ஆர்-290 பெட்டியைக் கேளுங்கள்.

துணிக்கு ஒரே வார்த்தை: சுழற்சி. ஒரு லிட்டர் ஈரத்தை டிரையரில் ஆவியாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் போகும். அதே ஈரத்தைச் சலவை இயந்திரத்தின் வேகச் சுழற்சி மிகச் சிறிய மின்சாரத்தில் பிழிந்துவிடும்.

கூரைச் சோலார்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தமிழகச் சமவெளியில் நாளுக்கு 4 யூனிட் எதிர்பார்க்கலாம். நீலகிரியின் மூடுபனிக்கு 3.5 போடுங்கள். 10 கிலோவாட் ஆண்டுக்கு 12,700 யூனிட்டைத் தாண்டும், 9.2 டன் குறையும். பக்கத்தில் நிற்கும் ஒரு சில்வர் ஓக் நிழல் இரண்டு பலகையில் விழுந்தாலே தொடரில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியும் சரியும். டிசம்பர் மாதம் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் கூரையில் நின்று நிழலைப் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.

கரண்ட் போனால் வாரிய மின்கம்பியோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். மின்கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டுக்கும் உதவ வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. வணிக இணைப்பில் மிஞ்சும் யூனிட்டை எந்த முறையில் கழிப்பார்கள், என்ன கட்டணம் பிடிப்பார்கள் என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையாளர் வாய்வார்த்தையை நம்பிக் கடன் தவணை போட வேண்டாம்.

இரண்டு எண்கள்

ஹீட் பம்ப் 6.6, சோலார் 9.2, ஃப்ரீசர் 3.9, ஜெனரேட்டரில் 1 டன் என்று எல்லாம் நடந்துவிட்டால் 43 டன் 22.5 டன்னாக இறங்கும். ஓர் இரவுக்கு 9.9 கிலோவிலிருந்து 5.1 கிலோ. பாராட்டுக்குரிய வேலை.

மிச்சமான பணத்தில் பின்பக்கம் இன்னொரு 20 அறை கட்டினால்? அதே 5.1 கிலோவில் ஓடினாலும் மொத்தம் 45 டன். தொடங்கிய இடத்தையே தாண்டிவிட்டது. சுவரில் மாட்டிய பலகையில் மட்டும் கார்பன் பாதியாகியிருக்கும். காற்று மண்டலம் எடுத்துக்கொள்வது மொத்தத்தை. இந்தியா 2030-க்குக் கொடுத்திருக்கும் உறுதியும், பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பதுதான். அந்த வகை இலக்கின் கீழ் மொத்தம் ஏற இடம் இருக்கிறது. 2070-க்கான நிகரப் பூஜ்ய உறுதியில், அதாவது விடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாக வேண்டும் என்பதில், அந்த இடம் இல்லை. ஆகவே நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்: இரவுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. விரிவாக்கத் திட்டம் போடும்போது வங்கிக்குக் காட்டும் தாளிலேயே இரண்டாவதையும் எழுதுங்கள்.

மலைக்கு ஏறும் சாலை

ஓட்டல்களுக்கான பன்னாட்டு அளவீட்டு முறை விருந்தினரின் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓட்டல்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது சரி. ஓர் ஊரின் சுற்றுலாவைப் புரிந்துகொள்ள அது போதாது.

சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போக வர 1,100 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 75 லிட்டர், 170 கிலோ. அந்தக் காரில் வரும் குடும்பம் உங்கள் லாட்ஜில் இரண்டு இரவு தங்கி விடுவது 20 கிலோ. கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை எல்லாம் கலந்து ஒரு வருகைக்குப் போக வர 600 கிலோமீட்டர் என்று சராசரி போட்டாலும் 92 கிலோ. இரண்டு இரவு வீதம் 2,190 வருகைகள், எல்லாம் கார் என்றால் 200 டன். லாட்ஜின் சொந்தக் கணக்கைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இங்கே லாட்ஜ்காரர் கையில் இருக்கும் பெரிய நெம்புகோல் தங்கும் நாள். அதே 4,380 இரவுகளை மூன்று இரவுத் தங்கல்களாக விற்றால் வருகை 1,460. சாலை உமிழ்வு 134 டன். குறைந்த 67 டன், லாட்ஜ் முழுவதும் விட்ட 43 டன்னைவிட அதிகம். எந்த இயந்திரமும் வாங்காமல் கிடைப்பது இது. மூன்றாவது இரவுக்கு விலையில் கால் பங்கு குறைப்பு, வார நாளில் சேரும்படி ஞாயிறு–புதன் தொகுப்பு, கோத்தகிரி, அவலாஞ்சி, குன்னூர் என்று நாளுக்கு ஒரு திசையாகப் பிரித்த திட்டம். இரண்டு நாளில் ஏழு இடம் காட்டும் டாக்ஸி அட்டவணையை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். விருந்தினருக்கும் அதில் ஓய்வில்லை.

அடுத்தது ரயில். சென்னை–மேட்டுப்பாளையம் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு ஆளுக்குப் போக வர 10 கிலோ அளவில்தான் ஆகும். நால்வர் காரில் வந்தால் ஆளுக்கு 43, இருவராக வந்தால் 86. ரயிலைத் தடுப்பது பெரும்பாலும் லாட்ஜின் வழக்கம்தான். வண்டி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது, விருந்தினர் ஒன்பது மணிக்கு முன்பே வாசலில் நிற்பார், அறையோ 12 மணிக்கு. பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் சோபாவில் உட்கார்ந்தவர் அடுத்த முறை காரில்தான் வருவார். இரண்டு அறைகளை முந்தைய இரவு விற்காமல் வைக்க முடியாவிட்டால், குளித்து உடை மாற்ற ஓர் அறை, பெட்டி வைக்க ஓர் அலமாரி, காலை டிபன் இவற்றையாவது ரயில் டிக்கெட் காட்டுபவருக்கு உறுதியாகக் கொடுங்கள். முன்பதிவுச் செய்தியிலேயே அதை எழுதுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயிலில் இடம் குறைவு, மெதுவாக நண்பகலில்தான் சேரும். அதை முதன்மைப் போக்குவரத்தாக நம்பிச் சொல்லாதீர்கள், பேருந்து இருக்கிறது. நான்கைந்து லாட்ஜ் சேர்ந்து ரயில் நேரத்துக்கு ஒரு பகிர்வு வேன் விடலாம். அது மின் வேனாக இருந்தால் நல்லது: சிறு மின்காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட், 11 கிலோ. அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் 15 கிலோ விடும். இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பியும் வரும்.

வணிகக் காரணமும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். எண்ணப்படுவது வண்டி. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர் அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. வரம்புக்குள் வருகையைப் பெருக்க விரும்பும் லாட்ஜுக்குத் திறந்திருக்கும் வாசல் அதுதான்.

மரம் நட்டு ஈடுகட்டுவது

மிஞ்சியதை மரக்கன்று நட்டுச் சமன் செய்துவிடலாம் என்று வருபவர்களிடம் நீலகிரியில் கூடுதல் கவனம் தேவை. இங்கே மேல்மலையின் இயற்கை முகம் சோலையும் புல்வெளியும். அந்தப் புல்வெளி வெறும் நிலம் என்று கருதி நட்ட சீகையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸும் பரவி, நீரூற்றுகளை வற்றவைத்த வரலாறு கண்முன் இருக்கிறது. புல்வெளி தன் கார்பனை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. அங்கே குழி தோண்டி மரம் நடுவது கெடுதல். விருந்தினர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டுமானால், சீகை அகற்றிச் சோலைக் கன்று வளர்க்கும் வனத்துறை அனுமதி பெற்ற பணிக்கு உதவுங்கள். அதைக் கணக்கிலிருந்து கழிக்காமல் தனி வரியாக எழுதுங்கள்.

ஆண்டு முடிந்ததும் வரவேற்பறையில் ஒரு தாள் ஒட்டலாம். மொத்த டன், இரவுக்குக் கிலோ, சராசரி தங்கும் நாள், ரயிலிலோ பேருந்திலோ வந்தவர்களின் சதவீதம், பெருக்கிய எண்கள் எவை என்ற குறிப்பு. கடைசி விவரத்துக்கு வருகைப் பதிவேட்டில் வண்டி எண் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் "எப்படி வந்தீர்கள், எந்த ஊரிலிருந்து" என்று ஒரு கட்டம் இன்றைக்கே சேருங்கள். அந்தத் தகவலைப் பின்னோக்கிப் போய்ச் சேகரிக்க வழியில்லை.